பஃப் இழுத்தால் நெஞ்சு படபடக்கிறதே!

நேயர்களுக்கு வணக்கம்.

"டாக்டர், அந்த இன்ஹேலர் மட்டும் வேண்டாம். ஹார்ட்டுக்கு ஆகாதாம். மாத்திரையே எழுதிக் குடுத்துடுங்க." ஆஸ்துமாவுக்கு வைத்தியம் பார்க்கிற எவரும் இதைக் கேட்காமல் இருந்திருக்க மாட்டார்கள். பயம் நியாயமானதுதான். ஆனால் பயப்பட வேண்டிய இடம் வேறு.

உங்கள் கையில் இருக்கும் நீல நிற இன்ஹேலரில் பெரும்பாலும் சால்பியூட்டமால் என்ற மருந்து இருக்கும். சுருங்கிக் கிடக்கும் மூச்சுக்குழாய்த் தசையைத் தளர்த்துவது அதன் வேலை. மருந்து போய் ஒட்டிக்கொள்ளும் இடங்களுக்கு ஏற்பிகள் என்று பெயர். இந்த மருந்துக்கு இணங்கும் ஏற்பிகள் இதயத்திலும் கைத் தசையிலும் உண்டு. அதனால்தான் படபடப்பு வருகிறது, விரல் நடுங்குகிறது. பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஒரு பஃப்பில் இருப்பது 100 மைக்ரோகிராம். அதே மருந்தின் 4 மில்லிகிராம் மாத்திரையில் 4,000 மைக்ரோகிராம். ஆக, மாத்திரை ஒன்றுக்கு 40 பஃப்! அதுவும் வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் சுற்றிவிட்டுத்தான் நுரையீரலுக்கு வருகிறது. இதயத்துக்குப் பயந்து மாத்திரை கேட்பவர் எதைக் கேட்கிறார், பாருங்கள்.

இந்தப் பயத்துக்கு ஒரு பழைய வேரும் இருக்கிறது. 1960-களில் பிரிட்டனில் ஐசோப்ரெனலின் என்ற மருந்து இன்ஹேலரில் வந்தது. நுரையீரல், இதயம் என்று பேதம் பார்க்காத மருந்து. அது அதிகமாக விற்ற காலத்தில் ஆஸ்துமா மரணங்களும் கூடின. நுரையீரலைக் குறிவைக்கும் சால்பியூட்டமால் 1969-இல் வந்தது. பிறகு நியூசிலாந்தில் 1976-இல் ஃபெனோடெரால் என்ற இன்னொரு இன்ஹேலர் மருந்து அறிமுகமானபோது மறுபடி மரணங்கள் ஏறின. அதற்குக் கட்டுப்பாடு வந்த பிறகு குறைந்தன. இதயத்தைத் தாக்கியதாலா, அல்லது உடனடி நிவாரணத்தை நம்பி ஆஸ்பத்திரிக்குத் தாமதமாகப் போனதாலா என்ற விவாதம் வெகுகாலம் நடந்தது. என்னைக் கேட்டால், இரண்டாவது காரணத்தை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நிவாரண மருந்து குழாயை விரிக்கும். உள்ளே இருக்கும் வீக்கத்தைத் தொடாது. அதனால்தான் 2019 முதல் உலகளாவிய ஆஸ்துமா வழிகாட்டி, பெரியவர்கள் சால்பியூட்டமாலை மட்டும் தனியாக நம்பியிருக்கக் கூடாது, வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலரும் சேர்ந்தே இருக்கவேண்டும் என்கிறது. 200 பஃப் கொண்ட நீல டப்பா வருடத்துக்கு மூன்றோ அதற்கு மேலோ தீர்கிறதென்றால், ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை என்று அர்த்தம்.

ஆஸ்துமாவுக்குத் தரும் தியோஃபிலின் மாத்திரை பற்றியும் சொல்லவேண்டும். காபியில் உள்ள கஃபீனுக்கு நெருங்கிய சொந்தம் அது. பலன் தரும் அளவுக்கும் இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும் அளவுக்கும் இடைவெளி குறைவு. இதைச் சாப்பிடுகிறவர் காய்ச்சலுக்கு சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கையும் சேர்த்துப் போட்டுக்கொண்டால், ரத்தத்தில் தியோஃபிலின் அளவு ஏறிவிடும். சால்பியூட்டமால் அதிக அளவில் போனால் பொட்டாசியம் குறையும். ஸ்டீராய்டு மாத்திரையும் பிரஷருக்குத் தரும் சில நீர் மாத்திரைகளும் அதை இன்னும் குறைக்கும். பொட்டாசியம் குறைந்தால் துடிப்பு தடம் மாறலாம். நெபுலைசர் அடிக்கடி வைத்துக்கொள்ளும் முதியவர்களுக்கு ரத்தப் பரிசோதனை எழுதுவது இதற்குத்தான்.

எதிர்த்திசையிலும் இடிக்கும். ஒற்றைத் தலைவலிக்கோ கை நடுக்கத்துக்கோ கொடுக்கும் ப்ரோப்ரனலால், ஆஸ்துமாக்காரருக்கு மூச்சுக்குழாயை இறுக்கிவிடலாம். கண் அழுத்தத்துக்குப் போடும் டிமலால் சொட்டு மருந்தும் அப்படியே. இரண்டுமே பீட்டா பிளாக்கர் என்ற வகை. சொட்டு மருந்தை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. டாக்டரிடம் அதையும் காட்டுங்கள். இதயத்துக்காக பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறவர்கள் இதைக் கேட்டுவிட்டு நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து.

அறுபதைத் தாண்டிய ஒருவருக்கு முதன்முதலாக வீசிங் வருகிறது, படுத்தால் திணறுகிறது, எழுந்து உட்கார்ந்தால் தேவலை, காலும் வீங்கியிருக்கிறது என்றால் அது இதயம் பலவீனப்பட்டதால் வந்ததாக இருக்கலாம். மருந்துக் கடையில் இன்ஹேலர் வாங்கிச் சமாளிக்காமல் இசிஜி, எக்கோ எடுத்துப் பார்க்கவேண்டும்.

திணறல் முற்றியிருக்கும்போது படபடப்புக்குப் பயந்து பஃப்பைத் தள்ளிப்போடாதீர்கள். ஆக்சிஜன் குறைவதுதான் அப்போது இதயத்துக்குப் பெரிய சுமை. பஃப் எடுத்தும் பேச்சு முழுதாக வரவில்லை, நெஞ்சு வலிக்கிறது, மயக்கம் வருகிறது என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை ஸ்பேசர் (இன்ஹேலரில் மாட்டும் குழல்) வைத்து, ஒவ்வொரு பஃப்பாக இழுத்துக்கொண்டே இருக்கலாம்.