ஊசிகளுக்கு நடுவே ஒரு பாட்டு

நேயர்களுக்கு வணக்கம். குழந்தைகளுக்கான புற்றுநோய் வார்டில் இசை சிகிச்சையாளராக வேலை பார்க்கிறேன். அந்த வேலையைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் ரத்தப் புற்றுநோய்க்கு. அதில் ஏ.எல்.எல். என்று வார்டில் சொல்லப்படும், வெள்ளை அணுக்களில் உண்டாகி வேகமாக வளரும் வகைதான் அதிகம். 2 வயதிலிருந்து 5 வயதுக்குள்தான் அது கூடுதலாக வருகிறது. முழுச் சிகிச்சையும் முறையாக எடுத்தால் பெரும்பாலான பிள்ளைகள் பிழைத்துக்கொள்கிறார்கள். இப்போது கேட்டுக்கொண்டிருக்கும் பெற்றோர் யாராவது இருந்தால், இதை முதலில் மனதில் வையுங்கள். ஆனால் சிகிச்சை 2 வருடம், அதற்கு மேலும் நீளும். கையில் ஊசி, முதுகுத்தண்டில் ஊசி, வாயெல்லாம் புண். கவுண்ட், அதாவது ரத்தத்தில் வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை, குறைந்துவிட்டால் அறையை விட்டு வெளியே வரக்கூடாது.

மூன்று வயதுப் பிள்ளைக்கு இதில் எது புரியும்? யார் யாரோ வருகிறார்கள், கையைப் பிடிக்கிறார்கள், குத்துகிறார்கள். வேண்டாம் என்று அழுதாலும் நடக்கத்தான் செய்கிறது. அதைவிடக் கொடுமை, "அம்மா, கையை அழுத்திப் பிடிச்சுக்கோங்க" என்று நர்ஸ் சொல்வதும், பெற்றவளே பிள்ளையை அசையாமல் பிடித்துக்கொள்வதும். வேறு வழியும் இல்லை. ஊசி முடிந்ததும் பிள்ளை அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்ளும். அப்போது அந்தத் தாய் படும் பாட்டைச் சொல்லி முடியாது.

நான் ஒரு தட்டில் சில கருவிகளை எடுத்துக்கொண்டு போவேன். பிளாஸ்டிக் கிலுகிலுப்பை, சின்ன மணிகள், குச்சியால் தட்டும் வண்ணக் கட்டைகள். ஒவ்வொரு பிள்ளையிடம் போவதற்கு முன்னும் பின்னும் எல்லாவற்றையும் மருந்து போட்டுத் துடைக்க வேண்டும். தோல் கட்டிய மேளம் கிடையாது, வாயால் ஊதுவதும் கிடையாது. எல்லாம் தொற்றுக்குப் பயந்துதான். வின்கிரிஸ்டின் என்ற மருந்து விரல்களின் பலத்தைக் குறைக்கக்கூடும். அதனால் லேசாகத் தொட்டாலே சத்தம் வரும் கருவிகளாகப் பார்த்து வைத்திருக்கிறேன்.

தட்டை நீட்டி, "எது வேணும்?" என்று கேட்பேன். சில பிள்ளைகள் "போ" என்பார்கள். சரி என்று எழுந்து போய்விடுவேன். இது சிகிச்சையில் சேர்த்தியா என்று புதிதாகப் பார்ப்பவர்கள் கேட்பார்கள். கண்டிப்பாகச் சேர்த்திதான். அன்றைக்கு முழுவதும் அந்தப் பிள்ளை வேண்டாம் என்று சொல்லி, ஒருவர் அதைக் கேட்டுக்கொண்ட ஒரே இடம் அதுவாக இருக்கலாம். மறுநாள் போனால் மணியை அவனே எடுப்பான். வேகமா, நிறுத்து, மறுபடியும் என்று எனக்கு உத்தரவு போடுவான். அவன் நிறுத்தச் சொன்னால் நிறுத்துவேன்.

இசையைச் சும்மா கேட்க வைப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. அமெரிக்காவில் ஷெரி ராப் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. 4 முதல் 7 வயது வரையுள்ள, புற்றுநோய்ச் சிகிச்சையில் இருந்த 83 பிள்ளைகள். ஒரு பகுதியினருக்குப் பாட்டைப் போட்டுக் காட்டினார்கள், ஒரு பகுதியினருக்குக் கதையை ஒலிக்க விட்டார்கள், மற்றவர்களோடு உட்கார்ந்து பாடி, தட்டி, விளையாடினார்கள். சேர்ந்து விளையாடிய பிள்ளைகளின் முகத்தில்தான் மலர்ச்சி கூடுதல், ஈடுபாடும் கூடுதல்.

கேட்பதால் பயனே இல்லை என்று சொல்லவில்லை. வியட்நாமில் ஹனோய் நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனையில், முதுகுத்தண்டில் ஊசி போட வேண்டிய 40 பிள்ளைகளைப் பார்த்தார்கள். அவர்கள் கொஞ்சம் பெரியவர்கள், 7 முதல் 12 வயது. எல்லோர் காதிலும் இயர்ஃபோன். பாதிப் பேருக்குப் பாட்டு, மீதிப் பேருக்கு வெறும் இயர்ஃபோன். பாட்டுக் கேட்டவர்களுக்கு வலியும் பயமும் குறைவாக இருந்தன, இதயத் துடிப்பும் மூச்சும் நிதானமாக இருந்தன. 2010-இல் வெளியான ஆய்வு இது. ஆனாலும் குழந்தைகளைப் பற்றிய ஆய்வுகள் மொத்தமே கொஞ்சம்தான். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் என்ற அமைப்பு, புற்றுநோயும் இசையும் குறித்து 2021-இல் வெளியிட்ட தொகுப்பில் 81 ஆய்வுகள் இருந்தன. அவற்றில் குழந்தைகளுக்கானவை 7 மட்டுமே.

பெற்றோர் என்னிடம் அடிக்கடி கேட்பது, "கேன்சருக்கு எந்த ராகம் போடணும்?" என்றுதான். அப்படி ஒரு ராகம் இல்லை. புற்றுநோய் அணுக்களை அழிப்பது மருந்து. இசை பயத்தையும் வலியையும் தனிமையையும் தணிக்கும். ராகம் கேட்டால் போதும், கீமோ வேண்டாம் என்று யாராவது சொன்னால், தயவுசெய்து அந்தப் பேச்சை நம்பிப் பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிப் போய்விடாதீர்கள்.

அழுகிற பிள்ளையிடம் எடுத்தவுடன் மெல்லிய பாட்டைப் பாடினால் எடுபடாது. அழுகையின் வேகத்திலேயே தட்ட ஆரம்பித்து, அவன் மூச்சைப் பார்த்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகத் தாளத்தைக் குறைக்க வேண்டும். இது நம் வீட்டுப் பாட்டிகளுக்கு எப்போதோ தெரியும். பிள்ளையை மடியில் போட்டு, முதலில் வேகமாக ஆட்டி, பிறகு மெதுவாக்குவார்கள்.

பாட்டிகளைச் சொன்னதும் ஒரு தாயின் நினைவு வருகிறது. எனக்குப் பாட வராது என்று ஒதுங்கியே இருந்தவர். ஒரு நாள் ஊசி போட்ட பிறகு, உன்னை யார் அடித்தது, மாமனா, அத்தையா என்று தாலாட்டில் கேட்பார்களே, அதை முணுமுணுப்பாக ஆரம்பித்தார். சுவர்ப் பக்கம் திரும்பியிருந்த மகள், "ஊசி அக்கா" என்றாள். அம்மா ஊசி அக்காவையும் பாட்டில் சேர்த்தார். அப்புறம் டாக்டர், ஸ்கேன் மாமா, கசப்பு மாத்திரை என்று வரிசை நீண்டது. கடைசியில் மகள், "அம்மாவும்தான், கையைப் பிடிச்சா" என்றாள். அந்தத் தாய் ஒரு நொடி நின்று, அதையும் சேர்த்துப் பாடினார். பெண் அவர் மடிக்கு வந்துவிட்டாள். நான் ஒன்றும் செய்யவில்லை, கிலுகிலுப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பெற்றோர் பாடுவதற்கு இடம் விடுவதுதான் என் வேலையில் பாதி.

உங்களுக்குப் பயன்படுகிற சில விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். சுருதி, தாளம் பற்றிக் கவலை வேண்டாம். வீட்டில் எதைப் பாடினீர்களோ, சினிமாப் பாட்டாக இருந்தாலும், அதையே பாடுங்கள். பிள்ளைக்கு மிகவும் பிடித்த பாட்டை மட்டும் மருந்து ஏறும் நேரத்தில் போட வேண்டாம் என்பது என் எண்ணம். கீமோவின்போது சாப்பிட்ட பண்டத்தைப் பிறகு கண்டாலே குமட்டுவதுபோல, அந்தப் பாட்டும் வெறுத்துவிடக்கூடும். அடுத்தது, சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து ஏறும் பிள்ளைகளுக்குக் கேட்கும் திறன் குறையும் அபாயம் உண்டு. அவர்கள் காதில் ஹெட்போனை மாட்டிச் சத்தமாக வைக்கவே கூடாது. பிள்ளை திரும்பத் திரும்ப "என்ன? என்ன?" என்று கேட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

அப்பா வேலைக்காக ஊரிலேயே தங்கியிருப்பார், அண்ணன் தங்கை பள்ளிக்கூடம் போவார்கள். வாரக்கணக்கில் பார்க்க முடியாது. அவர்கள் ஒவ்வொருவரும் ஒரு பாட்டைப் பாடி வாட்ஸ்அப்பில் அனுப்பட்டும். நடுவில் நாய் குரைத்தாலும், அடுப்படிச் சத்தம் கேட்டாலும் வெட்ட வேண்டாம், அப்படியே அனுப்பச் சொல்லுங்கள். எந்தக் குரலை எப்போது கேட்பது என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும்.

நன்றி, வணக்கம்.