வீட்டுச் சாமானில் ஒரு திருக்கிண்ணம்: தங்கப் பெயிண்ட் கடைசியில்தான்

வணக்கம். கிறிஸ்துமஸ் நாடகமோ பள்ளியில் ராஜா ராணி நாடகமோ வந்துவிட்டால் உடனே ஒரு பொருளைத் தேடி அலைவோம், கத்தோலிக்கப் பூசையில் திராட்சை ரசம் ஊற்றும் திருக்கிண்ணம் மாதிரி, தண்டு வைத்த பழங்காலத்து வெள்ளிக் கிண்ணம். கடைசியில் என்ன செய்வோம்? பிளாஸ்டிக் ஒயின் கோப்பை ஒன்றை வாங்கி, தங்க ஸ்பிரே அடித்து மேடைக்கு அனுப்பிவிடுவோம். மூன்றாவது வரிசையில் இருப்பவருக்கே அது பிளாஸ்டிக் என்று தெரிந்துவிடும். தங்கம் எவ்வளவு அடித்தாலும் இதுதான் கதி, ஏனென்றால் அதில் உருவமும் இல்லை, அழுக்கும் இல்லை.

முதலில் உருவம். மேலே கிண்ணம், கீழே பாதம், இடையில் தண்டு, தண்டின் நடுவில் ஒரு குமிழ். (படத்தில் குமிழைச் சுற்றி வட்டம்.) இந்தக் குமிழைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அது வெறும் அலங்காரம் இல்லை. பழைய இலத்தீன் பூசை முறையில், அப்பத்தைத் தொட்ட பிறகு குருவானவர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்தே வைத்திருப்பார், விரல் கழுவும்வரை பிரிக்க மாட்டார். மிச்சமிருக்கும் விரல்களால் கிண்ணத்தைத் தூக்க அந்தக் குமிழ்தான் பிடிமானம். அளவு? அயர்லாந்தில் 1868ல் மண்ணுக்கடியில் கிடைத்த ஆர்டா கிண்ணம், 8ஆம் நூற்றாண்டு வெள்ளி வேலை, அதன் உயரமே ஏறக்குறைய 18 செ.மீ.தான். நமக்கும் அது போதும். மாதிரி பார்க்க நினைத்தால் இங்கே சிங்கப்பூரில், எம்பிரஸ் பிளேஸில் ஆசிய நாகரிக அரும்பொருளகம் இருக்கிறது, அங்கே கிறிஸ்துவக் கலைக்கென்றே ஒரு கூடம் உண்டு.

சரி, சாமான்கள். மேல் கிண்ணத்துக்கு லிட்டில் இந்தியா தேக்காவில் கிடைக்கும் சின்ன எவர்சில்வர் கிண்ணி. பாதத்துக்கு, தவ் ஹுவே என்னும் சோயா இனிப்பைக் கட்டிக் கொடுக்கும் பிளாஸ்டிக் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தால் ஆயிற்று. தண்டுக்கு டாய்லெட் ரோலின் உள் அட்டை, குமிழுக்குப் பிங்பாங் பந்து. அப்புறம் ஒரு பழைய சிடி, சணல் கயிறு, அலுமினியம் ஃபாயில், வெள்ளைப் பசை, அரால்டைட் மாதிரி இரண்டு டியூப் கலக்கும் பசை, கறுப்பு அக்ரிலிக், கொஞ்சம் தங்க அக்ரிலிக்.

ரோல் அட்டையை நீளவாக்கில் வெட்டி, இரண்டு செ.மீ. குறுக்களவுக்கு இறுக்கிச் சுருட்டி டேப் போடுங்கள். பந்தின் இரண்டு பக்கமும் கத்தரியால் துளை போட்டு அட்டையில் கோர்த்துவிடுங்கள். கத்தியைச் சூடாக்கித் துளைக்காதீர்கள், பழைய பந்துகள் செல்லுலாய்டு, பட்டென்று தீப்பிடிக்கும். அட்டையின் இரண்டு முனைகளையும் சின்னச் சின்னதாகக் கீறி இதழ் மாதிரி விரித்தால் மேலே கிண்ணி உட்காரும், கீழே பாதம் ஒட்டும். கிண்ணியின் அடியை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு இரண்டு டியூப் பசையால் ஒட்டுங்கள். இங்கே குளூ கன் வேண்டாம், வழவழப்பான எவர்சில்வரில் அந்தப் பசை பிடிக்காது, குளிர்சாதன அரங்கில் இறுகி அப்படியே கழன்று வந்துவிடும். பாதத்துக்குள் கூழாங்கல் போட்டு, அசையாமல் டேப் போட்டு, சிடியால் மூடுங்கள். அடியில் கனம் இல்லாத கிண்ணம் யாருடைய அங்கி பட்டாலும் சாயும்.

இப்போது இந்த வீடியோவிலேயே முக்கியமான வேலை. சணல் கயிற்றைப் பசையில் தோய்த்துப் பாதத்திலும் கிண்ணியின் வெளிப்புறத்திலும் ஒட்டுங்கள். என்ன கோலம்? கம்பிக் கோலம் போடத் தெரிந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், அதே வளைவுகள்தான், புள்ளி வரும் இடத்தில் ஒரு முடிச்சு. காய்ந்ததும் ஃபாயிலை லேசாகக் கசக்கி விரித்து, சின்னத் துண்டுகளாகக் கிழித்து, மெல்லிய பசையில் ஒட்டி, (கேமரா கிட்டே வருகிறது) காட்டன் பட்டால் கயிற்றின் இரு ஓரமும் மெதுவாக அழுத்திக்கொண்டே போங்கள். கயிறு ஒரு வரம்பாக எழுந்து வரும், அதன் பக்கத்தில் சன்னமான பள்ளம் விழும். பெரிய துண்டாக ஒட்டினால் வளைவில் மடிப்பு விழுந்து சாக்லேட் உறை போலாகிவிடும். பசையும் அதிகம் வேண்டாம், ஃபாயிலுக்கு அடியில் காற்று போகாது, நம் ஊர்க் காற்றிலோ ஈரப்பதம் சராசரி 80 சதவீதத்துக்கு மேல். ராத்திரி முழுக்க மின்விசிறிக்கு அடியில் வைத்துவிடுங்கள்.

மறுநாள் மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு முழுவதும் கறுப்பு அக்ரிலிக் பூசுங்கள். பாதி காய்ந்ததும் ஈர டிஷ்யூவால் துடைத்தால் மேட்டில் வெள்ளி பளிச்சிடும், பள்ளத்தில் கறுப்பு தங்கிவிடும். நூறு வருஷப் பழமை அந்தக் கறுப்பில்தான் வருகிறது. ஃபாயிலின் பளபளப்பே வெள்ளிக்குப் போதும், அதற்கு மேல் வெள்ளிப் பெயிண்ட் அடிப்பது வீண் செலவு என்பது என் கட்சி.

தங்கம் எங்கே? உள்பக்கம். தேவாலயக் கிண்ணங்களில் வெளியே வெள்ளியாக இருந்தாலும் உள்ளே தங்க முலாம் பூசுவது வழக்கம். ஆனால் நடிப்பவர் அதில் நிஜமாகவே ஏதாவது குடிப்பார் என்றால் உள்ளே ஒரு சொட்டுப் பெயிண்ட்கூட வேண்டாம், எவர்சில்வரை அப்படியே விடுங்கள், வெளியிலும் விளிம்புக்கு இரண்டு விரல் கீழேயே ஃபாயிலை நிறுத்திவிடுங்கள். ஸ்பிரே அடித்தே தீருவேன் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வீவக அடுக்குமாடித் தாழ்வாரத்தில் வேண்டாம், பக்கத்து வீட்டில் துணி காய்கிறது. தெர்மோகோல் வைத்துச் செய்திருந்தால் ஸ்பிரே அதை அரித்தே விடும்.

ரத்தினக் கல்லுக்குக் கல் பதித்த ஸ்டிக்கர் பொட்டு. சிவப்பு, பச்சை இரண்டு நிறம் போதும், குமிழைச் சுற்றி ஆறு. பொட்டின் பசையை நம்பாமல் அடியில் ஒரு துளி ஒட்டுப்பசை வையுங்கள்.

இது நாடகத்துக்கும் அலமாரிக்கும்தான், பூசைக்கு ஆகாது. எளிதில் உடையும் பொருளில் செய்த கிண்ணங்களையே வத்திக்கான் 2004ல் கண்டிப்பாக விலக்கிவிட்டது, டாய்லெட் ரோல் எம்மாத்திரம்! எம்ஆர்டி ரயிலில் கொண்டுபோகும்போது துண்டில் சுற்றி எடுத்துப் போங்கள், ஃபாயில் சீக்கிரம் நசுங்கும். மேடையில் பிடிக்கப்போகும் பிள்ளையிடம் மறக்காமல் சொல்லுங்கள், கிண்ணியைப் பிடித்துத் தூக்கக் கூடாது, குமிழுக்குக் கீழே பிடிக்க வேண்டும்.