கை கழுவுவது: எப்படி என்பதற்கு முன்னால் எப்போது

[காட்சி: நோயாளியின் கட்டில். கையுறை போட்ட ஒரு கை மட்டும் தெரிகிறது.]

இந்தக் கையைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். கட்டிலின் பக்கக் கம்பியைப் பிடித்து உயர்த்துகிறது. போர்வையை இழுத்துவிடுகிறது. கீழே சரிந்து கிடக்கும் சிறுநீர்ப் பையை எடுத்து மாட்டுகிறது. அப்புறம் அதே கை, டிரிப்ஸ் ஏறுகிற குழாயின் மூடியைத் திறக்கிறது.

கையுறையில் ஒரு கறைகூட இல்லை. ஆனால் சிறுநீர்ப் பையில் இருந்த கிருமி, இப்போது ரத்தத்துக்குப் போகிற வாசலுக்கே வந்துவிட்டது.

கை கழுவுவது என்றாலே 'எப்படிக் கழுவுவது' என்றுதான் பேச ஆரம்பிக்கிறோம். நோயாளியைத் தொடுகிறவர் டாக்டராக இருந்தாலும், நர்ஸாக இருந்தாலும், வீட்டில் அப்பாவைப் பார்த்துக்கொள்கிற மகளாக இருந்தாலும், முதலில் தெரிய வேண்டியது 'எப்போது'.

[காட்சி: பழைய மருத்துவமனைக் கூடத்தின் ஓவியம்.]

1847. வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. ஒன்றில் மருத்துவ மாணவர்கள், இன்னொன்றில் மருத்துவச்சிகள். மாணவர்கள் இருந்த பிரிவில்தான் பிரசவக் காய்ச்சலுக்குத் தாய்மார்கள் அதிகமாகப் பலியானார்கள். ஏன் என்று அங்கே வேலை பார்த்த டாக்டர் இக்னாஸ் செம்மல்வைஸுக்குப் புரியவில்லை.

அந்த ஆண்டு அவருடைய நண்பர் கொலெட்ஷ்கா, பிணப் பரிசோதனையின்போது கத்தி பட்டுக் காயமாகி இறந்துபோனார். அவர் உடலில் தெரிந்த மாற்றங்கள், பிரசவக் காய்ச்சலில் இறந்த பெண்களிடம் பார்த்தவையாகவே இருந்தன. செம்மல்வைஸுக்கு விஷயம் பிடிபட்டது. மாணவர்கள் பிணப் பரிசோதனை செய்த கையோடு பிரசவம் பார்க்க வந்துகொண்டிருந்தார்கள். சோப்புப் போட்டுக் கழுவியும் கையில் அந்த வாடை போகவில்லை. தாய்மாரைத் தொடும் முன் குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவியே ஆகவேண்டும் என்று அவர் கட்டாயப்படுத்தினார். ஏப்ரலில் அந்தப் பிரிவில் 100 தாய்மாருக்குச் சுமார் 18 பேர் இறந்தார்கள். ஜூனில் அது சுமார் 2 ஆகக் குறைந்தது.

நோய்க்குக் காரணம் கிருமி என்ற கருத்தே அன்று நிலைபெறவில்லை. ஒன்றைத் தொட்டதற்கும் அடுத்ததைத் தொடுவதற்கும் நடுவே இருந்த அந்த இடைவெளியை அவர் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான்.

[காட்சி: ஐந்து தருணங்கள், ஒவ்வொன்றாக.]

உலக சுகாதார நிறுவனம் சொல்கிற ஐந்து தருணங்களும் அந்த இடைவெளிகள்தான். நோயாளியைத் தொடுவதற்கு முன். ஊசி போடுவது, புண்ணுக்குக் கட்டு மாற்றுவது போன்ற சுத்தமான வேலைக்கு முன். ரத்தம், சிறுநீர் போன்றவை பட்டிருக்கலாம் என்றால், உடனே. நோயாளியைத் தொட்ட பின். கட்டில், மேசை என்று அவரைச் சுற்றியுள்ள பொருளைத் தொட்ட பின்.

'பின்' யாருக்கும் அவ்வளவாக மறப்பதில்லை, அருவருப்பே நினைவூட்டிவிடும். 'முன்' தான் விட்டுப்போகிறது. கை சுத்தமாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். நோயாளியைக் காப்பாற்றுவதோ அந்த 'முன்' தான். ஐந்தாவதும் லேசில் மறந்துபோகும். ஆளைத் தொடவே இல்லையே, கம்பியைத்தானே தொட்டேன் என்று நினைப்போம். அந்தக் கம்பியை நாள் முழுக்கப் பிடித்துக்கொண்டிருப்பது நோயாளியின் கைதான்.

கையுறை போட்டால் கழுவ வேண்டாம் என்று நினைக்காதீர்கள். அதில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்கலாம், கழற்றும்போதும் கையில் படும். போடும் முன்னும் கழற்றிய பின்னும் கையைச் சுத்தம் செய்யுங்கள். அழுக்கான வேலையிலிருந்து சுத்தமான வேலைக்குப் போகும்போது, ஒரே நோயாளியிடம் என்றாலும் கழற்றிவிடுங்கள்.

[காட்சி: மிக நெருக்கத்தில் இரண்டு கைகள்.]

சரி, இப்போது 'எப்படி'. கையில் அழுக்கு தெரியாவிட்டால் ஆல்கஹால் சானிடைசர் போதும், பெரும்பாலும் அதுவே வேகமான வழி. உள்ளங்கை நிறைய எடுத்து, 20 முதல் 30 விநாடி, காயும்வரை தேயுங்கள். ஈரத்தோடு துடைத்துவிட்டால் அது வேலை செய்ய நேரமே இருக்காது. கையில் அழுக்கோ ரத்தமோ தெரிந்தால் சோப்பும் தண்ணீரும்தான், மொத்தம் 40 முதல் 60 விநாடி. வயிற்றுப்போக்கு நோயாளியைப் பார்த்த பிறகும் அப்படியே. வயிற்றுப்போக்கைத் தரும் குளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் போன்ற சில கிருமிகள் கடினமான ஓட்டுக்குள் ஒடுங்கி வித்துகளாக இருக்கும், அவற்றை ஆல்கஹால் கொல்லாது. சோப்போடு தேய்த்துத் தண்ணீரில் அடித்துக்கொண்டு போகவிட வேண்டும்.

கட்டைவிரலைப் பாருங்கள். உள்ளங்கைகளை எவ்வளவு தேய்த்தாலும் அது ஒதுங்கியே நிற்கிறது. ஒரு கையால் அதை முழுதாகப் பொத்திப் பிடித்து, திருகித் தேய்க்க வேண்டும். விரல் நுனிகளைக் குவித்து அடுத்த உள்ளங்கையில் வட்டமாகத் தேய்த்தால்தான் நகக்கண் வரை போகும். ஊசியையும் பஞ்சையும் தொடுவது இந்த நுனிகளும் கட்டைவிரலும்தான். விரலிடுக்கு, புறங்கை, அதையும் விடாதீர்கள். மோதிரத்தைக் கழற்றி வையுங்கள். தண்ணீரில் கழுவினால், கடைசியில் சுத்தமான துணியால் நன்றாகத் துடையுங்கள், ஈரக் கையில் கிருமி சுலபமாக ஒட்டிப் பரவும்.

[காட்சி: படுக்கையில் இருப்பவர் நர்ஸைப் பார்க்கிறார்.]

நீங்கள் நோயாளியாகவோ துணைக்கு இருப்பவராகவோ இருந்தால், கட்டைப் பிரிக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்: "சிஸ்டர், கை சுத்தம் பண்ணிட்டீங்களா?" கேட்கத் தயக்கமாகத்தான் இருக்கும். நல்ல நர்ஸ் கோபித்துக்கொள்ள மாட்டார், சானிடைசரை எடுத்து உங்கள் கண்முன்னாலேயே தேய்த்துக்கொள்வார்.