மஞ்சள் சந்தையில் லிட்மஸ் தாள்

(ஈரோட்டில் அறிவியல் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். பேச ஆரம்பிக்கும் முன் இந்தத் தட்டைக் கொஞ்சம் பார்த்துவிடுங்கள். பின்வரிசையில் இருப்பவர்கள் எழுந்து நின்றாலும் பரவாயில்லை. தண்ணீரும் ஒரு கரண்டி மஞ்சள்தூளும் இருக்கிறது. இப்போது வெற்றிலைக் கடையில் வாங்கிய சுண்ணாம்பு, சுண்டுவிரல் நுனியளவு போட்டுக் கலக்குகிறேன்.

சிவந்துவிட்டது. உங்களில் ஒருவர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை. எப்படி இருக்கும்? கல்யாண வீட்டில் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் சுற்றி வாசலில் கொட்டுகிற ஆரத்திதானே இது. சரி, இப்போது எலுமிச்சம்பழத்தைப் பிழிகிறேன். இன்னும் கொஞ்சம். ஆ, மறுபடியும் மஞ்சளாகிவிட்டது பாருங்கள். இப்போது இரண்டு மூன்று பேர் கழுத்தை நீட்டுகிறீர்கள். ஆரத்தித் தட்டில் எலுமிச்சையைப் பிழிகிற வழக்கம் எந்த வீட்டிலும் கிடையாது. அதனால் நாம் யாரும் இதைப் பார்த்ததில்லை. பிள்ளையும் பார்த்திருக்காது. நூறு முறை பார்த்த பொருள் நூற்றியோராவது முறை வேறு மாதிரி நடந்துகொண்டால், ‘ஏன் சார்?’ என்று பிள்ளை தானாகக் கேட்கும். நாம் கேட்க வைக்க வேண்டியதில்லை.

மஞ்சளில் இருக்கும் குர்குமின் என்ற நிறப்பொருள் சுண்ணாம்பு போன்ற காரத்தில் சிவக்கும், எலுமிச்சை போன்ற அமிலம் சேர்ந்தால் பழைய நிறத்துக்குத் திரும்பும். உங்களுக்குத் தெரிந்ததுதான். இதைத் தாண்டி ஒரு அடி போக வேண்டும். புளித்தண்ணீரில் மஞ்சளைப் போட்டால் மஞ்சள் நிறம், குடிதண்ணீரில் போட்டாலும் அதே மஞ்சள் நிறம். அமிலத்தையும் நடுநிலையையும் பிரித்துச் சொல்ல மஞ்சளுக்குத் தெரியாது. இந்தக் குறையைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். பிறகு வேலியில் படர்ந்திருக்கும் நீலச் சங்குப்பூவைக் கசக்கச் சொல்லுங்கள். எலுமிச்சையில் இளஞ்சிவப்பு, சுண்ணாம்புத் தெளிவில் பச்சை, வெறுந்தண்ணீரில் நீலம். ஒரு கருவியின் எல்லை எது, அது முடிகிற இடத்தில் அடுத்த கருவி எது என்பதுதானே ஆய்வகத்தில் சொல்லித்தர வேண்டிய பெரிய பாடம்? வேலியோரப் பூ அதைச் சொல்லிக் கொடுத்துவிடுகிறது.

இதை ஈரோட்டில் நின்று சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. 2019இல் ஈரோடு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நான் ஒரு பள்ளிக்குப் போயிருந்தேன், பெயர் வேண்டாம். ஜன்னலைத் திறந்தால் மஞ்சள் குடோன் வாசம். அங்கே ஆசிரியர் சொன்னார்: “லிட்மஸ் தாள் தீர்ந்துபோச்சுங்க, அதனால அமிலம் காரம் பாடத்தைப் போர்டுலயே நடத்திட்டேன்.”

அமிலமா காரமா என்று நிறம் மாறிக் காட்டுகிற லிட்மஸ் மீது எனக்குக் கோபம் இல்லை. அதுவும் எங்கேயோ ஒரு ஊரின் பாறையிலும் மரத்திலும் இருந்து சுரண்டி எடுத்த பொருள்தான். லைக்கன்களிலிருந்து எடுத்த சாயம் அது. பாசியும் பூஞ்சையும் ஓருடலாக வாழ்கிற உயிர் லைக்கன் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. படம் பார்த்துப் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். அந்தப் பிள்ளையின் வீட்டு அஞ்சறைப் பெட்டியில், பிரியாணிக்கும் செட்டிநாட்டுக் குழம்புக்கும் தாளிக்கிற கல்பாசி இருக்கிறதே, அது லைக்கன். நாளைக்கு ஒரு சிட்டிகை கொண்டு வரச் சொல்லிக் கைக்கண்ணாடியில் பார்க்க வையுங்கள். மேல்புறம் சாம்பல் நிறம், அடிப்புறம் கறுப்பு, ஓரம் மடிந்து சுருண்டிருக்கும். அடுத்து, பள்ளி மரத்தண்டுகளில் ஒட்டியிருக்கும் லைக்கன் திட்டுகளையும், பெரிய சாலையோரத்து மரங்களில் இருப்பதையும் எண்ணட்டும். காற்றில் கந்தக டை ஆக்சைடு ஏறினால் பல லைக்கன்கள் தாங்காமல் போய்விடும். அஞ்சறைப் பெட்டியில் கிளம்பிய பாடம் காற்று மாசில் வந்து நிற்கிறது. இதற்கெல்லாம் நிதி ஒதுக்கீடு கேட்டுக் கோப்பு எழுத வேண்டியதில்லை.

இங்கே ஒரு விஷயத்தைக் கறாராகச் சொல்லிவிடுகிறேன், வருத்தப்படாதீர்கள். உள்ளூர் அறிவைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே “நம்ம முன்னோர்கள் முட்டாள்கள் இல்லீங்க” என்று ஒருவர் எழுந்துவிடுகிறார். முட்டாள்கள் என்று யார் சொன்னது? ஆனால் அதே மூச்சில், அரசமரம் இரவிலும் ஆக்சிஜன் விடும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததையும் வகுப்பில் சொல்லிவிடுகிறோம். வெளிச்சம் இல்லாமல் எந்தச் செடியும் ஆக்சிஜன் வெளியிடாது. இருட்டில் அரசமரமும் நம்மைப் போலச் சுவாசிக்கத்தான் செய்யும். முன்னோர் சொன்னது என்பதற்காக ஒன்றை நம்பச் சொன்னால் அது அறிவியல் வகுப்பே இல்லை. சோதித்துப் பார்க்கக் கிடைத்த கேள்விகளின் களஞ்சியம் என்று நம் வழக்கங்களை எடுத்துக்கொள்ளலாம். பதநீர்க் கலயத்தின் உட்புறம் ஏன் சுண்ணாம்பு தடவுகிறார்கள்? தடவாத கலயத்தில் அதே சாறு ஏன் கள்ளாகிறது? ஈஸ்ட்டுக்கு அந்தக் காரம் ஒத்துக்கொள்ளாது என்பதுவரை பிள்ளை போய்ச் சேரட்டும். (தடவாத கலயத்தைப் பள்ளிக்குள் கொண்டு வராதீர்கள். தலைமையாசிரியர் பதில் சொல்ல வேண்டி வரும்.)

அடுத்து நம் காப்புக்கட்டு. போகியன்று ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலை மூன்றையும் சேர்த்து வாசலில், கட்டுத்தறியில், காட்டில் கட்டுகிறோம். நான் வகுப்பெடுத்த காலத்தில் பொங்கல் விடுமுறைக்கு வீட்டுப்பாடமே கொடுத்ததில்லை. ஒரு நோட்டுத்தாள் மட்டும் கொடுப்பேன். மூன்று செடிக்கும் மூன்று வரி. எங்கே பறித்தாய், வீட்டிலிருந்து எத்தனை எட்டு, அந்த இடத்தில் வேறு என்ன முளைத்திருந்தது. அவ்வளவுதான். அதே கேள்வியை வீட்டுப் பாட்டியிடமும் கேட்டு வரச் சொல்வேன்: உங்கள் சின்ன வயதில் எங்கே பறித்தீர்கள்?

வேப்பிலை வரியில் பிரச்சினை வராது. பூளைப்பூ வரிதான் பேசும். பாட்டிகள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே பதில் சொல்லியிருப்பார்கள்: வரப்பில், காட்டோரத்தில். பிள்ளைகளின் தாளில் ரயில்வே லைன் ஓரம், பெரியப்பா ஊர், கட்டாமல் விட்ட வீட்டுமனை என்று வரும். ஒரு பெண் பிள்ளை ‘எத்தனை எட்டு’ என்ற இடத்தில் “பஸ் ஸ்டாண்டு, கட்டு இருபது ரூபாய்” என்று எழுதியிருந்தாள். முதலில் சிரித்தேன். அப்புறம் அந்தத் தாளைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டேன். வரப்பை ஒட்ட உழுதது, களைக்கொல்லி தெளித்தது, தோட்டம் மனையாகிப் போனது, எல்லாம் அந்த ஒரு வரியில் இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை ஊரே சேர்ந்து, யாரும் சொல்லாமலே, அதே மூன்று செடியைத் தேடிப் போகிறது. எந்தத் துறை நினைத்தாலும் இப்படியொரு கணக்கெடுப்பை நடத்த முடியுமா? அதை எழுதி வைக்க மட்டும் ஆளில்லை. நீங்கள்தான் அந்த ஆள்.

கொரங்காடு என்கிற மேய்ச்சல் நிலத்தையும் சொல்ல வேண்டும். காங்கயம், தாராபுரம் பக்கத்து ஆசிரியர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கீழே கொழுக்கட்டைப் புல், மேலே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி. மழை குறைந்த மண்ணில் காங்கயம் மாட்டையும் ஆட்டையும் காப்பாற்றி வந்த ஏற்பாடு இது. கிளுவைப் போத்தை வெட்டி நட்டால் வேராகிவிடும்; கம்பி வேலிச் செலவு மிச்சம். வெள்வேலங்காயை ஆடு மாடு தின்னும், விதை சாணியோடு வெளியே வரும், அடுத்த மரம் முளைக்கும். மேய்ச்சலே நடவு வேலையையும் பார்த்துவிடுகிறது.

இதே வேலையைத்தான் சீமைக் கருவேலமும் செய்கிறது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மரம்; இனிப்பான காய்; ஆடு மாடு விரும்பித் தின்னும்; கெட்டியான தோல் கொண்ட விதை வயிற்றைக் கடந்து உரத்தோடு சேர்ந்து விழும். ஒரே வழிமுறை ஓரிடத்தில் மேய்ச்சல் நிலத்தைத் தந்தது, இன்னோரிடத்தில் முள்ளுக்காட்டைத் தந்தது. காய் பழுக்கும் பருவத்தில் பட்டியிலிருந்து ஆட்டுப் புழுக்கையும் மாட்டுச்சாணியும் அள்ளி வந்து தேங்காய்த் தொட்டிகளில் போடுங்கள். பக்கத்தில் இன்னொரு வரிசைத் தொட்டியில் காயிலிருந்து நேரே எடுத்த விதை. எதில் சீக்கிரம் முளைக்கிறது, எதில் அதிகம் முளைக்கிறது என்று பிள்ளைகள் எண்ணட்டும். அந்தக் கணக்கைப் பார்த்த பிள்ளைக்கு, காய்க்கும் முன்னே ஏன் மரத்தை எடுக்க வேண்டும் என்பதை யாரும் விளக்க வேண்டாம். அயல் தாவரங்களை அகற்றத் தமிழ்நாடு அரசு 2022இல் கொள்கையே வெளியிட்டிருக்கிறது. நல்லதுதான். ஆனால் ஜே.சி.பி. வந்து நிற்கும்போது, எது சீமைக் கருவேலம், எது நாட்டுக் கருவேலம் என்று காட்ட ஊரில் நான்கு பேராவது வேண்டும். இல்லாவிட்டால் அந்த அவசரத்தில் நாட்டு மரமும் சேர்ந்து போய்விடும்.

நாட்டுக் கருவேலத்தின் பூ உருண்டையாக மஞ்சள் பொத்தான் மாதிரி இருக்கும்; காய் பாசிமணி கோத்தது போல விதைக்கு விதை இடுங்கியிருக்கும். சீமையின் பூ கதிர் கதிராக நீளும். காய் அவ்வளவாக இடுங்காமல் நீளமாகத் தொங்கும். வாயால் சொன்னால் இரண்டும் குழம்பும். இந்த வளாகத்தின் பின்பக்கச் சுவரோரம் இரண்டுமே நிற்கின்றன, காலையில் வந்ததும் பார்த்து வைத்துவிட்டேன். டீ குடித்துவிட்டு எல்லோரும் அங்கே வாருங்கள். முள் கிடக்கிறது, செருப்பைக் கழற்றிவிட்டு வந்துவிடாதீர்கள்.