ஓங்கோல் சபையும் மூன்றரை மைல் கால்வாயும்

(பெங்களூரு கன்டோன்மென்ட் பகுதியில் நடந்த தமிழர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையில் உள்ள பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

"பெங்களூருவில் தமிழ்க் கூட்டம், பேச்சு மட்டும் ஆந்திராவில் ஓங்கோலில் இருக்கிற கிறிஸ்தவச் சபையைப் பற்றியா?" என்று வாசலிலேயே ஒருவர் கேட்டுவிட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் நான் சொல்லப்போகிற காலத்தில் ஓங்கோல் சென்னை மாகாணத்து ஊர். கதையில் வருகிற பக்கிங்ஹாம் கால்வாய்தான் மயிலாப்பூரில் பறக்கும் ரயில் தூண்களுக்கு அடியில் இன்று கறுத்துக் கிடக்கிறது. கதையில் வருகிற பஞ்சமும் நமக்கு அந்நியமில்லை. மைசூர் சமஸ்தானத்தில் 1871-ல் 50 லட்சத்துக்கு மேல் இருந்த ஜனத்தொகை, 1881-ல் 42 லட்சத்துக்கும் கீழே போய்விட்டது.

ஓங்கோல் என்றால் நமக்குக் காளைமாடுதான் ஞாபகம் வரும். பாப்டிஸ்ட் கிறிஸ்தவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். இங்கே தென்னிந்தியத் திருச்சபையான சி.எஸ்.ஐ.க்காரர்களும் கத்தோலிக்கர்களும் இந்துக்களும் கலந்திருப்பதால் ஒரு விளக்கம் சொல்லிவிடுகிறேன். பாப்டிஸ்டுகள் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. விவரம் தெரிந்த வயதில், தானாக வந்து கேட்கிறவரைத்தான் தண்ணீரில் முழுக்கி எடுப்பார்கள். மேலே பிஷப் கிடையாது. அந்தந்தச் சபை தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளும். 'தானாக வந்து கேட்கிறவர்' என்பதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்க பாப்டிஸ்டுகள் நெல்லூரில் 1840-லேயே மிஷன் தொடங்கினார்கள். பல வருஷம் ஆகியும் விரல்விட்டு எண்ணுகிற ஆட்கள்தான். 1853-ல் மிஷனை மூடிவிடலாமா என்று அமெரிக்காவில் விவாதமே நடந்தது. அப்புறம் வந்தவர் ஜான் கிளஃப். போதகராவதற்கு முன்னால் நில அளவை வேலை பார்த்தவர். 1866-ல் ஓங்கோலில் குடியேறினார். 1867 ஜனவரி 1-ம் தேதி எட்டே பேரோடு சபை ஆரம்பமானது.

ஆனால் கிளஃப் மட்டும் ஊர் ஊராகப் போய்ச் சபையை வளர்த்துவிடவில்லை. எர்ரகுண்ட்ல பேரய்யா என்று ஒருவர். தெலுங்கு தேசத்துத் தோல் தொழில் சாதியான மாதிகர், தோல் வியாபாரி, ஏற்கெனவே குருவிடம் ராஜயோகம் பயின்றவர். உறவுக்காரர்கள், வியாபாரப் பழக்கம் என்று அவர் போன வழியில்தான் செய்தி கிராமங்களுக்குள் போனது. மாதிகர்கள் செருப்புத் தைத்துக் கொடுக்க வேண்டும், கமலைக்குத் தோல் கொடுக்க வேண்டும், திருவிழாவுக்குப் பறை அடிக்க வேண்டும், செத்த மாட்டை அப்புறப்படுத்த வேண்டும். அவர்களைச் சேர்த்துக்கொண்டால் நாங்கள் வரமாட்டோம் என்று உயர்சாதியார் சொன்னார்கள். கிளஃப் மாதிகர் பக்கம் நின்றார்.

சேர்ந்தவர்களுக்கு மூன்று கட்டளைகள்: சிலையை வணங்காதே, செத்த மாட்டைத் தின்னாதே, ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யாதே. இதில் ஊரைக் கொதிக்க வைத்தது மூன்றாவதுதான் என்று நினைக்கிறேன். கூப்பிட்ட நேரத்தில் ஓடி வந்தவன் வாரத்தில் ஒரு நாள் 'வரமாட்டேன்' என்கிறான்! பக்தி என்று சொன்னாலும், எனக்கு அது அந்த ஜனங்களின் முதல் வார விடுமுறையாகத்தான் தெரிகிறது. பல கிராமங்களில் இதற்காக அடி உதை வாங்கியிருக்கிறார்கள்.

சரி, பஞ்சத்துக்கு வருவோம். 1876-ல் மழை பொய்த்தது. நிவாரண வேலைக்குப் போகிற ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு ராத்தல் (பவுண்டு) தானியமும் ஒரு அணாவும் போதும் என்று 1877-ல், பஞ்ச நிவாரணத்தைக் கவனிக்க இந்திய அரசு அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் கணக்குப் போட்டார். பஞ்ச நிவாரண வேலையாகப் பக்கிங்ஹாம் கால்வாய் வெட்டு நடந்துகொண்டிருந்தது. வேலைக்களத்தில் மாதிகரை மேஸ்திரி விரட்டுவார், அடிப்பார், கூலியில் கை வைப்பார். கிளஃப் சுமார் மூன்றரை மைல் நீளத்துக்குத் தாமே கான்ட்ராக்ட் எடுத்தார். அளவை வேலை தெரிந்தவராயிற்றே. தம் உபதேசிமாரையே மேற்பார்வைக்கு நிறுத்தினார். மண் சுமக்கிறவனை மிரட்டாமல் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கூலியை முழுசாக எண்ணிக் கொடுக்கிற மேஸ்திரி! சாயங்காலம் அதே ஆள் உட்கார்ந்து வேதம் சொல்லுவார்.

ஆயிரக்கணக்கானவர்கள் ஞானஸ்நானம் கேட்டார்கள். கிளஃப் மறுத்துவிட்டார். ஏறக்குறைய பதினைந்து மாதம் ஒருவருக்கும் கொடுக்கவில்லை. பசியில் கேட்கிறவன் தானாகக் கேட்கிறானா, சோற்றுக்காகக் கேட்கிறானா என்று யார் சொல்ல முடியும்? நிவாரணப் பணம் நின்ற பிறகும் கூட்டம் கலையவில்லை. பணம் வேண்டாம், எங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று நின்றார்கள். 1878 ஜூலை 2-ம் தேதி குண்டலகம்மா ஆற்றில் 614 பேர், மறுநாள் 2,222 பேர், அதற்கும் மறுநாள் 700 பேர். ஆறு போதகர்கள் முறைவைத்து, ஒரு நேரத்தில் இருவராகத் தண்ணீரில் நின்றார்கள். சில வருஷத்தில் உலகத்திலேயே பெரிய பாப்டிஸ்ட் சபை என்று பேர் வந்துவிட்டது.

மிஷன் வரலாறுகள் அந்த 2,222-ஐத்தான் திருப்பித் திருப்பிச் சொல்கின்றன. என்னைக் கேட்டால் அந்தப் பதினைந்து மாதம்தான் பெரிசு. அதற்காகச் சந்தேகமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. கான்ட்ராக்டரும் அவரே, போதகரும் அவரே. கூலி கொடுக்கிற கையைப் பார்க்காமல் ஒருவன் வேதத்தை மட்டும் கேட்டிருப்பானா? இதில் இரண்டு பக்கமும் பேச இடமிருக்கிறது.

சாதி ஆற்றோடு போய்விட்டதா என்றால், இல்லை. 1950-ம் வருஷ ஜனாதிபதி ஆணைப்படி கிறிஸ்தவரான தலித், பட்டியல் சாதியில் சேரமாட்டார். ஆந்திராவில் அவருக்குப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் பி.சி.-சி என்று தனிப் பிரிவு, ஒரு சதவீத ஒதுக்கீடு. அதனால் சபைப் பதிவேட்டில் ஒரு பெயர், சாதிச் சான்றிதழில் இன்னொரு பெயர் என்று வாழ்கிறவர்கள் உண்டு. சிவாஜிநகரிலும் கோலார் தங்கவயலிலும் இருந்து வந்திருப்பவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. கேள்விகள் இருந்தால் இப்போது கேட்கலாம்.