தேடலில் நிற்கும் பழைய விலை

நேயர்களுக்கு வணக்கம். விற்றுத் தீர்ந்த புடவை, கடையின் இணையதளத் தேடலில் இன்னும் வந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். தொட்டால் இருப்பில் இல்லை என்கிறது. ஏன் இப்படி?

தளத்தின் தகவல் இரண்டு இடத்தில் இருக்கிறது. அசல் கணக்கு டேட்டாபேஸில். தேடுவதற்கென்று தனியாக ஓர் அட்டவணை, புத்தகத்தின் கடைசியில் சொற்களும் அவை வரும் பக்க எண்களும் போட்டிருப்பார்களே, அந்த மாதிரி. எலாஸ்டிக்சர்ச் போன்ற மென்பொருள் அதை வைத்திருக்கும். விலை மாறினால் இரண்டும் மாற வேண்டும். அட்டவணை மாறும்வரை விலையை மாற்றுபவரைக் காக்க வைக்காமல், அந்த வேலையைப் பின்னணி வரிசையில், அதாவது பிறகு செய்யவேண்டியவற்றின் பட்டியலில் போட்டுவிடுகிறோம். அந்த வேலை முடியும்வரை தேடலில் பழைய தகவலே நிற்கும். விக்கிப்பீடியாவிலும் ஒரு வார்ப்புருவை, அதாவது பல பக்கங்களில் சேர்த்துக்கொள்ளும் பொதுவான துண்டைத் திருத்தினால், அது இடம்பெறும் பக்கங்கள் இப்படி வேலை வரிசை வழியாகத்தான் புதுப்பிக்கப்படுகின்றன.

சரி, இளம் நிரலாளர்களிடம் நான் விடாமல் சொல்வது இது: வரிசையில் போடும் வேலையில் பொருளின் அடையாள எண்ணை மட்டும் கொடுங்கள், விலையைக் கொடுக்காதீர்கள். கடைக்காரர் விலையை 900 ரூபாய் என்று மாற்றுகிறார். அடுத்த நிமிடமே மனம் மாறி 850 ஆக்குகிறார். முதல் வேலை இணைப்பு அறுந்து தோற்றுப்போகிறது, இரண்டாவது முடிந்துவிடுகிறது. அப்புறம் தோற்றது தானாக மறுபடி ஓடி, 850-ஐ அழித்து 900 எழுதிவிடுகிறது. இப்படி வரிசையில் போட்ட வேலைகளைச் செய்யும் சைட்கிக் என்ற கருவியில், நாம் வேறு ஏற்பாடு செய்யாவிட்டால், தோற்ற வேலை 25 முறை, ஏறக்குறைய 21 நாள்வரை முயலும். மூன்று வாரப் பழைய விலை திரும்பி வரலாம், நினைத்துப் பாருங்கள்!

எண் மட்டும் இருந்தால், என்றைக்கு ஓடினாலும் டேட்டாபேஸில் அப்போதுள்ள விலையைப் பார்த்து எழுதும். இரண்டு தடவை ஓடினாலும் கெடுதல் இல்லை. பொருளே அங்கே இல்லையா, அட்டவணையிலிருந்தும் எடுத்துவிடலாம். அதனால்தான் மறுபடியும் சொல்கிறேன், எண் மட்டும். அதையும் டேட்டாபேஸில் மாற்றம் உறுதியான பிறகே வரிசையில் போடுங்கள். முந்திக்கொண்டால், வேலை பழைய விலையைத்தான் படிக்கும்.

நேரம் ஆகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். அட்டவணை முழுவதையும் மாற்றியமைப்பது பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாக: பழையதைக் கலைக்காமல் புதியதைத் தனியாகக் கட்டுங்கள், முடிந்ததும் தேடலை அதன் பக்கம் திருப்புங்கள், இடையில் வரும் மாற்றங்களை இரண்டிலும் எழுதுங்கள். நன்றி, வணக்கம்.