சித்திரை லீவில் முதலில் யார் வீட்டுக்குப் போவது?

வணக்கம். போன வாரம் வந்த கேள்விகளில் ஒன்றை மட்டும்தான் இன்றைக்கு எடுத்திருக்கிறேன். டிக்கோயாப் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். சுருக்கி வாசிக்கிறேன்:

"டீச்சர், சித்திரைக்குப் பாடசாலை விடுமுறை. கணவருக்குக் கொழும்பில் வேலை, அவருக்கு ஐந்து நாள்தான் லீவு. பிள்ளைகள் நுவரெலியாவுக்குக் கூட்டிப் போகச் சொல்லிக் கேட்கிறார்கள். மாமியார் கோயில் கோயிலாகப் போக வேண்டும் என்கிறார். சொந்தக்காரர் வீடுகளுக்குப் போகாவிட்டால் வருஷம் முழுக்கக் குறை சொல்வார்கள். ஊர் சுற்றப் போகிற வழியில் கோயிலுக்குள் போய் வந்தால் அது வழிபாடு ஆகுமா? நாங்கள் மரக்கறிச் சாப்பாட்டுக்காரர்கள், போகிற வீடுகளில் மச்சம் சமைக்கிறார்கள், என்ன செய்வது? இன்னொன்று, என் பெரியப்பா தை மாதம் தவறிவிட்டார். புத்தாண்டு நேரத்தில் அந்த வீட்டுக்குப் போகலாமா?"

தங்கச்சி, நீங்கள் கேட்டது மூன்று கேள்வி. அதற்குள் கேட்காத கேள்வி ஒன்றும் இருக்கிறது: ஐந்து நாளில் முதல் நாள் யாருக்கு? அது சரியானால் மற்றதெல்லாம் தானாக ஒழுங்குக்கு வந்துவிடும். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பிள்ளைகள் சின்னவர்களாக இருந்த காலம். புத்தாண்டுக்கு மறுநாள் நாங்களும் கொழுந்தனார் குடும்பமும் ஹட்டனிலிருந்து ஒரு வேன் பிடித்தோம். காலையில் நுவரெலியா, பின்னேரம் இராகலைப் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கிற அம்மாயி வீடு என்று திட்டம். ஏப்ரல் சீசன் நுவரெலியா எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். விக்டோரியா பூங்காவில் மலர்க் கண்காட்சி, பந்தயத் திடலில் குதிரை ஓட்டம், கிரகரி வாவியைச் சுற்றி நாடு முழுவதிலிருந்தும் வந்த ஜனம். வாகனம் நகரவே இல்லை. பிள்ளைகளுக்குச் சந்தோஷம், நமக்கும் சந்தோஷம்தான், பொழுது போனதே தெரியவில்லை. அம்மாயி வீட்டுக்குப் போய்ச் சேரும்போது இரவு ஒன்பது மணி.

அம்மாயி ஒன்றும் சொல்லவில்லை. சோறு ஆறிப்போயிருந்தது, அடுப்பை மூட்டித் திரும்பச் சூடு காட்டினார். பிள்ளைகள் தூங்கி விழுந்துகொண்டு இரண்டு வாய் சாப்பிட்டார்கள். சாமி படத்துக்கு முன்னால் ஒரு தட்டில் வெற்றிலையில் சுற்றி வைத்திருந்த காசை எடுத்து, அந்தத் தூக்கக் கலக்கத்திலேயே ஒவ்வொரு பிள்ளை கையிலும் வைத்தார். வெற்றிலை வாடிப் போயிருந்தது. மறுநாள் காலையில் பக்கத்துக் காம்பிரா அக்காதான் என்னிடம் சொன்னார்: "ஒங்க அம்மாயி நேத்து மூணு தரம் பெரட்டுக்களம் வரைக்கும் போய் ரோட்டைப் பார்த்துட்டு வந்தாங்க." அவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் நெஞ்சு அடைத்துவிட்டது.

நான் முப்பது வருஷம் சைவநெறி படிப்பித்தவள். நடமாடும் கோயிலாகிய மனிதருக்குக் கொடுத்தது படத்தில் இருக்கிற இறைவனைப் போய்ச் சேரும், படத்துக்குக் கொடுத்தது மனிதரைச் சேராது என்று திருமூலர் பாடியிருப்பதை எத்தனை வகுப்புக்கு விளக்கியிருப்பேன்! என் சொந்த அம்மாயி ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அது எனக்கு ஞாபகம் வரவில்லை.

அந்த வருஷத்தோடு எங்கள் வீட்டில் முறையை மாற்றிவிட்டோம். முதல் நாள், அதுவும் காலையில், குடும்பத்தில் மூத்தவர் வீட்டுக்கு. வேறு எந்த வேலையையும் அந்த நாளில் சேர்ப்பதில்லை. மதியம் அங்கேயே சாப்பாடு, சாயந்திரம் வரைக்கும் பேச்சு. அப்புறம் அடுத்த நாள்தான் ஊர் சுற்றல். அதற்கு அந்த மூத்தவரையும் கூட்டிக்கொண்டு போவோம்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அடுத்த வருஷம் அம்மாயியை வேனில் ஏற்றிக்கொண்டு கந்தப்பளை வழியாக நுவரெலியாவைத் தாண்டி, வெலிமடை ரோட்டில் சீதாஎலிய சீதை அம்மன் கோயிலுக்குப் போனோம். வாழ்நாள் முழுக்கக் கொழுந்து எடுத்தவர். அந்தக் கோயில் அவர் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் போனாலும் அரை நாள் வேலைதான். அதுவரை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. நம் பெரியவர்களில் நிறையப் பேர் இப்படித்தான் தங்கச்சி. வெளிநாட்டுக்காரர் வந்து படம் எடுக்கிற இடத்துக்குப் பக்கத்து மலையிலேயே ஆயுசு கழிந்திருக்கும், ஆனால் அந்த இடத்துக்குக் கூட்டிப்போக ஆள் இருந்திருக்காது.

கோயிலுக்குப் பக்கத்தில் ஓடை ஓடுகிறது. பாறையில் இருக்கிற குழிகளை அனுமாருடைய பாதச்சுவடு என்று சொல்லிக் கும்பிடுவார்கள். பின்னால் ஹக்கல மலைக்காடு. அசோகவனம் இதுதான் என்பது நம்பிக்கை. பிள்ளைகள் ஓடையில் கால் நனைத்துவிட்டு, "ஐயோ குளிருது" என்று கத்தினார்கள். அம்மாயி ஓடைக் கரையில் உட்கார்ந்து சீலைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டு, "ஒரு நிமிஷத்துக்கே ஒங்களுக்கு இப்படிக் குளிருதே, இந்தக் குளிர்ல அந்தப் புள்ள தனியா எப்படி இருந்திருக்கும்" என்றார். சீதையை அவர் "அந்தப் புள்ள" என்றுதான் சொன்னார். என் மகளுக்கு இன்றைக்கும் சீதை என்றால் அந்தக் குரல்தான் ஞாபகம் வருகிறதாம். நான் வகுப்பில் படிப்பித்தது எதுவும் அவளுக்கு அப்படி ஒட்டவில்லை.

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஊர் சுற்றுகிற வழியில் கோயிலுக்குப் போனால் வழிபாடு ஆகுமா? ஆகும். எதற்காகப் புறப்பட்டோம் என்பதைவிட, உள்ளே போனதும் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதுதான் முக்கியம். வேனிலிருந்து இறங்கி, வாசலில் படம் எடுத்து, ஐந்து நிமிஷத்தில் திரும்ப ஏறினால் அது வழிபாடு இல்லை. அரை மணி நேரமாவது இருங்கள். பிள்ளைகளிடம் ஒரு தேவாரம் பாடச் சொல்லுங்கள், தெரிந்த இரண்டு வரி போதும். யாருக்காக வேண்டிக்கொள்ள வேண்டும் என்று உள்ளே போவதற்கு முன் ஆளுக்கொரு பெயர் சொல்லச் சொல்லுங்கள். நாங்கள் அப்படித்தான் பழக்கினோம். ஒரு தடவை என் மகன் எங்கள் வேன் டிரைவர் பெயரைச் சொன்னான். அந்த மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது.

மாமியார் சொல்வது போல ஒரே நாளில் ஐந்தாறு கோயில் வேண்டாம். அவரிடம் மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு ஒரு கோயில், அதற்குப் பக்கத்தில் பிள்ளைகளுக்கு ஒரு இடம். சீதாஎலியவுக்குப் போனால் கொஞ்சத் தூரத்திலேயே ஹக்கல பூங்கா. 1861இல் சிங்கோனா மரம் வளர்ப்பதற்காகத் தொடங்கிய தோட்டம் அது, மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்து எடுக்கிற மரம். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் காட்டலாம். கண்டிப் பக்கம் போனால் ரம்பொடை ஆஞ்சநேயர், அங்கிருந்தே நீர்வீழ்ச்சியும் தெரியும். ஹட்டனில் நம் மாணிக்கப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுத் தலவாக்கலை ரோட்டில் போனால் டெவோன், சென் கிளேயர் நீர்வீழ்ச்சிகளை ரோட்டோரத்திலிருந்தே பார்க்கலாம். ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏப்ரலில் மத்தியானத்துக்கு மேல் இடியும் மழையும் இறங்கும். மேலே மழை பெய்தால் கீழே தண்ணீர் சொல்லாமல் ஏறும். வெளியிடங்களைக் காலையில் முடித்துவிடுங்கள். அருவிக்குள் பிள்ளைகளை இறக்கவே வேண்டாம்.

பிள்ளைகள் பெரியவர்கள் என்றால் சிவனொளிபாதமலையை யோசியுங்கள். மார்கழிப் போயாவில் தொடங்குகிற யாத்திரைக் காலம் வெசாக் போயா வரைக்கும் இருக்கும், ஆகவே சித்திரையில் போகலாம். டிக்கோயாவிலிருந்து மஸ்கெலியா, நல்லதண்ணி, உங்களுக்குப் பக்கம்தானே. உச்சியில் மணி இருக்கிறது, எத்தனையாவது தடவை ஏறுகிறோமோ அத்தனை தரம் அடிக்க வேண்டும். மாமியாருக்கு முழங்கால் எப்படியோ, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். புத்தாண்டை ஒட்டிய நாட்களில் கூட்டம் அதிகம், படியிலேயே நின்று நின்றுதான் போக வேண்டியிருக்கும்.

கைவிசேஷத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிற நேரத்தோடு அதுவும் சேர்ந்தது என்பதால் சொல்கிறேன். சூரியன் மேட ராசிக்குள் போகிற நேரத்துக்கு நான்கு மணி நேரம் முன்னும் நான்கு மணி நேரம் பின்னும் விஷு புண்ணிய காலம். அதற்குள் மருத்துநீர் வைத்துக் குளித்து, புது உடுப்பு உடுத்தி, சாமி கும்பிட வேண்டும். கைவிசேஷத்துக்குப் பஞ்சாங்கத்தில் தனி நேரம் போட்டிருப்பார்கள். வாக்கிய பஞ்சாங்கத்தில் ஒரு நேரம், திருக்கணிதத்தில் ஒரு நேரம் வரும், அதற்காக வீட்டுக்குள் சண்டை வேண்டாம். உங்கள் தோட்டக் கோயில் ஐயா எதைப் பார்க்கிறாரோ அதையே பின்பற்றுங்கள், மருத்துநீரும் அவரிடம்தானே வாங்குகிறீர்கள். முதல் கைவிசேஷம் வீட்டில் மூத்தவர் கையால். உங்கள் வீட்டில் அது மாமியார். அவர் கையால் வாங்கிய பிறகு மற்ற வீடுகளில் எந்த நாள் கொடுத்தாலும் வாங்கலாம். பிள்ளைகளுக்கு ஒன்று மட்டும் சொல்லி வையுங்கள்: எந்த மாமா எவ்வளவு கொடுத்தார் என்று வேனுக்குள் எண்ணிப் பார்த்துப் பேசக் கூடாது. இருபது ரூபாய் கொடுத்த வீட்டில் அந்த இருபது ரூபாய்க்குப் பின்னால் என்ன பாடு இருக்கிறது என்று நமக்குத் தெரியும், பிள்ளைகளுக்குத் தெரியாது.

மச்சம் சமைக்கிற வீடுகள். முதல் நாளே போன் பண்ணிச் சொல்லிவிடுங்கள்: "அத்தை, நாங்க மரக்கறிதான், ரொட்டியும் சம்பலும் போதும்." எந்த அத்தையும் இதற்குக் கோபிக்க மாட்டார். போய் உட்கார்ந்த பிறகு, சமைத்ததைப் பார்த்து முகம் சுளித்தால்தான் மனசு நோகும். அவர்கள் இருக்கிறதில் நல்லதைத்தானே ஆக்கி வைத்திருப்பார்கள்? தேத்தண்ணீராவது குடிக்காமல் எழும்ப வேண்டாம்.

கடைசியாகப் பெரியப்பா வீடு. இதுதான் உங்கள் மனசில் பெரிதாக இருக்கிறது என்று நினைக்கிறேன், அதனால்தான் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள்.

தாராளமாகப் போகலாம். போகத்தான் வேண்டும். துக்கம் நடந்த வீட்டில் ஒரு வருஷத்துக்குப் பண்டிகை கொண்டாட மாட்டார்கள், பலகாரத்துக்கு எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டார்கள். அதை வைத்து, நாமும் அங்கே போகக் கூடாது என்று சிலர் நினைத்துவிடுகிறார்கள். அப்படி இல்லை. அவர்கள் வீட்டில் சட்டி வைக்காததால்தான் சொந்தக்காரர் பலகாரம் கொண்டுபோய்க் கொடுக்கிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. முன்னெல்லாம் மேட்டு லயத்தில் துக்கம் என்றால் பள்ளத்து லயத்திலிருந்து முறுக்குத் தட்டு ஏறிப் போகும். இப்போது ஆளுக்கொரு பக்கம் வேலைக்குப் போய்விட்டதால் அது குறைந்துவிட்டது. ஊரெல்லாம் பட்டாசு வெடிக்கிற அன்றைக்கு அந்த வீட்டுக் கதவு மட்டும் சாத்தி இருக்கும். உள்ளே உங்கள் பெரியம்மா இருப்பார். தை மாதம் வந்துபோன கூட்டம் இப்போது இருக்காது.

புத்தாண்டுப் பிறப்பன்றே போக மாமியாருக்குச் சங்கடம் என்றால் மறுநாள் போங்கள், அதில் பிடிவாதம் வேண்டாம். ஆனால் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். புது உடுப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் போக வேண்டும் என்பதில்லை, பகட்டாக இல்லாமல் இருந்தால் சரி. முறுக்கும் அதிரசமும் கொஞ்சம், பெரியப்பா விரும்பிச் சாப்பிட்டது ஏதாவது இருந்தால் அதுவும் கொஞ்சம். அங்கே கைவிசேஷம் எதிர்பார்க்க வேண்டாம் என்று பிள்ளைகளிடம் முன்பே சொல்லுங்கள். பெரியம்மா தானாகக் கொடுத்தால் மறுக்காமல் வாங்கிக் காலில் விழுந்து கும்பிட வேண்டும்.

பெரியப்பாவைப் பற்றிப் பேசப் பயப்படாதீர்கள். நாம் பேசினால் அழுவாரே என்று எல்லாரும் வேறு கதை பேசுவோம், அவரோ யாராவது அந்தப் பெயரைச் சொல்ல மாட்டார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பார். உங்கள் மூத்த பிள்ளைக்குப் பெரிய தாத்தாவைப் பற்றி ஏதாவது ஞாபகம் இருந்தால் அதைச் சொல்லச் சொல்லுங்கள். அழுதால் அழட்டும், பக்கத்தில் இருங்கள். கிளம்பும்போது நேரம் இருந்தால், மறுநாள் வேனில் ஒரு இடம் இருக்கிறது, எங்களோடு வாருங்கள் என்று கேட்டுப் பாருங்கள். கோயிலுக்குள் வர அவருக்கு மனம் ஒப்பாவிட்டால் வெளியே மரத்தடியில் நீங்கள் ஒருவர் கூட இருங்கள். கணவரும் மாமியாரும் பிள்ளைகளும் உள்ளே போய்க் கும்பிட்டு வரட்டும்.